பெயர்ப் பலகையைப் பார்ப்பதா, சீட்டு வந்த வழியைப் பார்ப்பதா?

முக்கூடல் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அக்கா மகள் பிளஸ் டூ முடித்து, பொறியியல் கட் ஆஃப் 171 வைத்திருக்கிறாள். பிற்படுத்தப்பட்ட வகுப்பு. அக்கா பீடி சுற்றுகிறார், அத்தானுக்குக் கொத்தனார் வேலை, வருமானச் சான்றில் ஆண்டுக்கு 96,000 ரூபாய். சென்னைக்குப் பக்கத்தில் பெயர்பெற்ற ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் கம்ப்யூட்டர் சயன்ஸ் தருகிறோம், கட்டணத்தில் பாதி ஸ்காலர்ஷிப் என்கிறது. இன்னொரு பக்கம் கலந்தாய்வில் நெல்லை அரசு பொறியியல் கல்லூரி கிடைக்கலாம் என்று ஒரு கணக்கு. மூன்றாவதாக, உள்ளூர் சுயநிதிக் கல்லூரி ஒன்று, கலந்தாய்வு வழியாக எங்களை எடுத்தால் மீதிக் கட்டணத்தையும் தள்ளிவிடுகிறோம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறது. சொந்தக்காரர்கள் எல்லாரும் கடனை வாங்கியாவது பெயருள்ள இடத்தில் சேருங்கள் என்கிறார்கள். “பெயரைப் பார்ப்பதா, பைசாவைப் பார்ப்பதா?” என்று முடித்திருக்கிறீர்கள்.

உங்கள் மனசில் ஓடுவது பைசா மட்டும் இல்லை என்று தெரிகிறது. செலவு குறைந்த கல்லூரியில் போட்டுவிட்டால் நாலு வருஷம் கழித்துப் பிள்ளைக்கு வாசல் எல்லாம் அடைபட்டுப் போகுமோ என்பதுதான் கவலை. அதற்கு என் பதில் இது. உதவித்தொகை ஒட்டிக்கொண்டிருப்பது சீட்டு எந்த வழியில் வந்தது என்பதோடு. வாய்ப்பு ஒட்டிக்கொண்டிருப்பது எந்தத் துறையில் சேருகிறாள் என்பதோடு. இந்த இரண்டையும் தனித்தனியாக விசாரித்துவிட்டால் பெயர் எவ்வளவுக்கு உதவும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

முதலில் சீட்டு வந்த வழி. தமிழ்நாடு அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வருகிற இடத்துக்கும், நிர்வாக ஒதுக்கீட்டிலோ நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலோ நேராக வாங்குகிற இடத்துக்கும் உள்ள வித்தியாசம் கட்டணத்தோடு நிற்பதில்லை. முதல் பட்டதாரி சலுகை கலந்தாய்வில் வந்தவருக்கு மட்டும்தான். உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள் என்று யாரும் பட்டதாரி இல்லையென்றால், சுயநிதிக் கல்லூரியில் கலந்தாய்வு இடத்துக்கான கல்விக் கட்டணத்தில் ஏறக்குறைய பாதி இதிலேயே கழியும். அந்தக் கட்டணத்தை அரசு அமைத்த கமிட்டி நிர்ணயிக்கிறது. பல ஆண்டுகளாக அது 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 என்ற அளவில் இருந்துவந்தது. இந்த ஆண்டுக்கான தொகையை அறிவிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் சொல்லும் இடத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே “பாதி தள்ளுபடி” என்று சொல்லும்போது எந்தத் தொகையில் பாதி என்று கேட்க வேண்டும். இரண்டரை லட்சத்தில் பாதியைத் தள்ளினாலும் மிச்சம் ஒன்றேகால் லட்சம். கலந்தாய்வு இடத்தின் முழுக் கட்டணமே அதில் பாதிக்கும் குறைவு.

அரசுப் பள்ளி 7.5 சதவீத ஒதுக்கீட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இங்கேதான் நெல்லைச் சீமைப் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் நம் பக்கம் மிஷன் பள்ளிகளும் மற்ற உதவிபெறும் பள்ளிகளும் ஏராளம். சம்பளம் அரசு கொடுக்கிறது, சத்துணவு உண்டு, புத்தகமும் சைக்கிளும் கொடுத்தார்கள், அப்படியானால் அரசுப் பள்ளிதானே என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 7.5 சதவீதத்துக்கு அது செல்லாது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். உங்கள் பிள்ளை பத்து வரை உதவிபெறும் பள்ளி, பதினொன்றும் பன்னிரண்டும் மட்டும் அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இந்த ஒதுக்கீடு அவளுக்கு இல்லை. இதை மனசில் வைத்துப் போட்ட கணக்கை இப்போதே அழித்துவிடுங்கள். அந்தத் தகுதி உள்ள பிள்ளை இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 முதல் இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது, சுயநிதிக் கல்லூரியாக இருந்தாலும். அவர்கள் நிர்வாக ஒதுக்கீட்டில் போய் உட்கார்ந்தால் நாலு வருஷப் படிப்பைக் கையால் எடுத்து ஆற்றில் போட்ட மாதிரி.

உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிற உதவிகளில் பலர் மறந்துவிடுவது ஒன்று உண்டு. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத் துறை கொடுக்கும் கல்வி உதவி. பொறியியல் போன்ற தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய், சாதாரணப் பட்டப்படிப்புக்கு 6,000. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அக்காவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்க வேண்டும், குடும்பத்தின் மாத வருமானம் 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. உங்கள் 96,000 என்பது மாதம் 8,000, ஆகவே உள்ளே வருகிறது. இதில் கெட்டுப்போகிற இடம் அட்டைதான். முக்கூடல், ஆலங்குளம், பாப்பாக்குடி வட்டாரத்தில் அம்மா சுற்றுவது பாட்டி பேரில் உள்ள பாஸ்புத்தகத்தில் ஏறுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. இலை, தூள் வாங்குவது ஒருத்தர் பேரில், கை ஓடுவது இன்னொருத்தருடையது. அப்படியிருந்தால் அக்கா பேரில் அட்டை இருக்காது, உதவியும் வராது. முக்கூடலில் பீடித் தொழிலாளர் மருத்துவமனை இருக்கிறதே, அங்கே அட்டை விஷயத்தை இப்போதே விசாரியுங்கள். விண்ணப்பம் திறந்த பிறகு ஓடினால் தேதி முடிந்துவிடும்.

பெண் பிள்ளைகளுக்கான ‘பிரகதி’ உதவித்தொகை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் கொடுப்பது. ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பட்டப்படிப்புக்கு நாடு முழுவதற்கும் 5,000 இடங்கள்தான், மதிப்பெண் வரிசைப்படி. ஆகவே விண்ணப்பியுங்கள், பட்ஜெட்டில் சேர்க்காதீர்கள். பீடி உதவியையும் பிரகதியையும் இரண்டு கையிலும் வாங்க முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிரகதி கிடைத்தால் அதுதான் பெரிய தொகை.

மாநில அரசின் பக்கம், பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான கல்வி உதவி இருக்கிறது, கல்லூரி வழியாக ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் இருந்தது, 2024 டிசம்பர் கடைசியில் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. உங்கள் பிள்ளை பாதி அங்கே, பாதி இங்கே என்பதால், பத்து வரை படித்தது தமிழ்வழிதான் என்று அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கையெழுத்தும் முத்திரையுமாக ஒரு சான்று வாங்கி வைத்துக்கொண்டு கல்லூரிப் பொறுப்பு அலுவலரிடம் காட்டுங்கள். மாற்றுச் சான்றிதழில் பயிற்று மொழி இருக்குமே என்று விட்டுவிடாதீர்கள். கடைசிப் பள்ளியின் சான்றிதழில் கடைசி இரண்டு வருஷம்தான் இருக்கும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கத் தடையில்லை.

விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை நடத்தும் கல்லூரி மாணவியர் விடுதியில் தங்குவதும் சாப்பாடும் இலவசம். வீட்டுக்கும் கல்லூரிக்கும் எட்டுக் கிலோமீட்டராவது இருக்க வேண்டும் என்ற விதி பெண் பிள்ளைகளுக்கு இல்லை. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸில் அந்தத் துறை அலுவலகம் இருக்கிறது, இடம் எத்தனை காலி என்று சேர்க்கைக்கு முன்பே கேட்டு வையுங்கள். வீட்டிலிருந்தே போய்வரலாம் என்றால் பஸ் பாஸில் என்ன சலுகை என்று கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை. இந்தச் சின்னத் தொகைகளைச் சின்னது என்று தள்ளாதீர்கள். பாதியில் படிப்பை விடுகிற பிள்ளைகள் பெரும்பாலும் டியூஷன் கட்டணத்தால் விடுவதில்லை. மூன்றாம் செமஸ்டரில் மெஸ் பில், பரீட்சைக் கட்டணம், பஸ் கட்டணம் மூன்றும் ஒரே மாதத்தில் வந்து நிற்கும்போதுதான் விடுகிறார்கள்.

இப்போது கல்லூரிகளே கொடுக்கிற ஸ்காலர்ஷிப். இதைத் தள்ளுபடி என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஆடித் தள்ளுபடி மாதிரி. முதலில் விலையை ஏற்றி எழுதிவிட்டுப் பிறகு குறைக்கிற இடங்கள் உண்டு, நேர்மையாகக் கொடுக்கிற இடங்களும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய நாலு கேள்வி போதும். நாலு வருஷத்துக்குமா, முதல் வருஷத்துக்கு மட்டுமா? தொடர்ந்து கிடைக்க எத்தனை மதிப்பெண் புள்ளி வேண்டும், ஒரு அரியர் விழுந்தால் நின்றுவிடுமா? கல்விக் கட்டணத்தில் மட்டுமா, விடுதி, பஸ், பயிற்சிக் கட்டணம், சீருடை எல்லாம் தனியா? போன வருஷம் இதே ஸ்காலர்ஷிப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாம் வருஷமும் தொடர்ந்தது? கடைசிக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்கிற கல்லூரியை நம்பலாம். முதல் செமஸ்டர் கணக்குப் பாடத்தில் தமிழ்வழியில் வந்த பிள்ளைகள் தடுக்கி விழுவது சாதாரணம். “அரியர் இல்லாமல் எட்டுப் புள்ளி” என்ற நிபந்தனை அவர்களைப் பார்த்தே எழுதிய மாதிரி இருக்கும். உள்ளூர் சுயநிதிக் கல்லூரி சொன்ன வாக்கையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். கல்லூரி முகப்புத்தாளில், முதல்வர் கையெழுத்தோடு, நாலு வருஷத்துக்கு என்று எழுதித் தந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பி.ஆர்.ஓ. போனில் சொன்னது கணக்கில் வராது.

கடன் வாங்கலாமே என்கிறார்கள். உதாரணத்துக்கு, தள்ளுபடி போன மிச்சக் கட்டணம், விடுதி, மற்றச் செலவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு இரண்டரை லட்சமாக நாலு வருஷம் பத்து லட்சம் எடுப்பதாக வையுங்கள், வட்டி 10 சதவீதம். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை இல்லை, ஆனால் வட்டி ஓடும். முதல் இரண்டரை லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி, அடுத்ததுக்கு நாலு, பிறகு மூன்று, இரண்டு. சாதாரண வட்டியாகக் கூட்டினாலே மூன்றரை லட்சம். ஆக பதின்மூன்றரை லட்சத்தைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 17,800 ரூபாய் தவணை. மென்பொருள் நிறுவனங்கள் வளாகத்தில் மொத்தமாக ஆள் எடுக்கும்போது கொடுக்கிற தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் என்று வைத்தால், பிடித்தம் போகக் கையில் வருவது மாதம் 25,000 ரூபாய் சுற்றி. சென்னையிலோ பெங்களூரிலோ வாடகையும் சாப்பாடும் மீதி ஏழாயிரத்தில் ஆகாது. பெயருள்ள கல்லூரியிலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் வேலை இந்தச் சம்பளத்தில்தான் தொடங்குகிறது. பிளெக்ஸ் போர்டில் போடுகிற நாற்பது லட்சம் ஒரே ஒரு பிள்ளைக்கு வந்தது.

கடனே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புகளுக்கு, தரச்சான்று பெற்ற கல்லூரிகளில், படிக்கிற காலத்து வட்டியை மத்திய அரசே கட்டுகிற மானியம் உண்டு. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதம மந்திரி வித்யாலட்சுமி திட்டத்தில் பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்குப் பிணையில்லாமல் கடன் தருகிறார்கள். ஆனால் அதுவும் தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்கு, நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இல்லை. பார்த்தீர்களா, மறுபடியும் சீட்டு வந்த வழியில்தான் வந்து நிற்கிறது. விடுதிச் செலவுக்கும் லேப்டாப்புக்கும் என்று ஒன்றரை, இரண்டு லட்சம் கல்விக் கடன் எடுப்பது தாங்கக்கூடிய கடன். பத்து லட்சம் அப்படியல்ல.

இனி வாய்ப்பு. இதை அளக்க ஒரு நல்ல கருவி எல்லார் கைக்கும் எட்டுகிற இடத்தில் கிடக்கிறது, யாரும் திறந்து பார்ப்பதில்லை. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காக ஒவ்வொரு கல்லூரியும் தன் விவரங்களைக் கொடுக்கிறது. அந்தக் கோப்பைத் தன் இணையதளத்திலேயே போட்டிருக்கும். தரவரிசை எண்ணை விடுங்கள், அந்தக் கோப்பைப் படியுங்கள். அதில் ஒரு வரிசையில் நாலு வருஷத்துக்கு முன் எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுநிலைச் சம்பளம் என்ன, எத்தனை பேர் மேல்படிப்புக்குப் போனார்கள் என்று இருக்கும். நடுநிலைச் சம்பளம் என்பது எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கிற பிள்ளை வாங்குவது. சராசரியைப் போல ஒரு பெரிய தொகையால் அது ஏமாறாது. இன்னொரு வரிசையில் முழுக் கட்டணத்தையும் அரசிடமிருந்து பெற்றவர்கள் எத்தனை பேர், கல்லூரியின் சொந்தப் பணத்திலிருந்து பெற்றவர்கள் எத்தனை பேர், தனியார் அமைப்புகளிடமிருந்து எத்தனை பேர் என்று தனித்தனியாக எண் இருக்கும். “நாங்கள் ஏழைப் பிள்ளைகளுக்கு நிறையச் செய்கிறோம்” என்று மேடையில் சொல்கிற கல்லூரியின் கோப்பில் “கல்லூரி நிதியிலிருந்து” என்ற கட்டத்தில் பூஜ்யம் இருந்தால், பேச்சு அதோடு முடிந்தது.

தொண்ணூறு சதவீத வேலைவாய்ப்பு என்ற விளம்பரத்தை எப்படி உரித்துப் பார்ப்பது என்று ஒரு மாதிரிக் கணக்கு. ஒரு துறையில் 120 பேர் சேருகிறார்கள். அரியர் இல்லாமல் இறுதியாண்டுக்கு வருகிறவர்கள் 70 பேர் என்று வையுங்கள். பத்து, பன்னிரண்டு, கல்லூரி மூன்றிலும் அறுபது சதவீதம் வேண்டும் என்று நிறுவனங்கள் போடுகிற நிபந்தனையைத் தாண்டுகிறவர்கள் 50. அதில் 45 பேருக்கு வேலை என்றால் தொண்ணூறு சதவீதம்! உண்மையில் சேர்ந்த 120 பேரில் 45. இன்னொரு தந்திரம், ஒரே பிள்ளைக்கு மூன்று நிறுவனம் வேலை கொடுத்தால் அதை மூன்றாக எண்ணுவது. ஆகவே கேட்க வேண்டியது “எத்தனை ஆஃபர்” என்று இல்லை, “சேர்ந்தவர்களில் எத்தனை தலை” என்று.

சுயாட்சி பெறாத கல்லூரிகளின் தேர்ச்சி சதவீதத்தை அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்வாரியாக வெளியிடுகிறது. அதில் தேர்ச்சி மிகக் குறைவாக இருக்கிற கல்லூரியில் வேலைவாய்ப்பு அதிகாரி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை, நிறுத்துவதற்கு அரியர் இல்லாத பிள்ளைகள் வேண்டுமே. சுயாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அந்தப் பட்டியலில் வராது. அங்கே தேர்ச்சி அதிகம் என்பதைத் தரத்துக்கு அடையாளமாக எடுக்க வேண்டாம். நாக் தரச்சான்று முழுக் கல்லூரிக்கும் கொடுப்பது, என்.பி.ஏ. தரச்சான்று அந்தந்தப் பாடப்பிரிவுக்குக் கொடுப்பது. முகப்பில் இரண்டையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். உங்கள் பிள்ளை சேரப்போகும் பிரிவுக்கு என்.பி.ஏ. இருக்கிறதா, எந்த ஆண்டு வரை என்று மட்டும் பாருங்கள்.

காகிதத்தில் தெரியாதது நேரில் தெரியும். வேலை நாளில், முன்னறிவிப்பில்லாமல், மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். ஓபன் ஹவுஸ் அன்று போகாதீர்கள். பயிற்சிக்கூடத்தில் கருவி இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, பிள்ளைகள் அதன் முன்னால் நிற்கிறார்களா என்று பாருங்கள். மின் அலையைத் திரையில் காட்டுகிற ஒரு ஆசிலோஸ்கோப்பைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றால் இரண்டு பேர்தான் கை வைக்கிறார்கள், எட்டுப் பேர் ரீடிங்கைப் பார்த்து எழுதுகிறார்கள். கருவி மேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தால் ஆய்வுக் குழு வருகைக்கு வாங்கியது. பிறகு வாசலில் டீக்கடை இருக்கும், அங்கே இறுதியாண்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: முதல் வருஷம் பாடம் எடுத்த ஆசிரியர்களில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? பாதிப் பேர் மாறிப்போயிருந்தால் அங்கே சம்பளம் ஒழுங்காகப் போகவில்லை என்று அர்த்தம். அதுதான் எல்லாவற்றுக்கும் வேர். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்களா என்றும் கேளுங்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே விதி. பிடித்துவைக்கிற இடத்தில் பிள்ளை வெளியேற நினைத்தாலும் முடியாது.

நெல்லையிலிருந்தால் வாய்ப்பு வராது என்கிற பேச்சு பாதி உண்மை. அரசு பொறியியல் கல்லூரி 1981-இலிருந்து இருக்கிறது, நாலு தசாப்தத்துப் பழைய மாணவர்கள் மின்வாரியத்திலும் பொதுப்பணித் துறையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். மகேந்திரகிரியில் இஸ்ரோ, கூடங்குளத்தில் அணுமின் நிலையம், கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடாவின் சூரிய மின்கலத் தொழிற்சாலை, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ, தூத்துக்குடியில் துறைமுகம். இவை எல்லாம் ஒரு பஸ், இரண்டு பஸ் தூரம். ஆனால் பக்கத்தில் இருப்பதாலேயே வேலை கிடைக்காது, இதைச் சொல்லிவிட வேண்டும். இஸ்ரோவும் அணுமின் கழகமும் அகில இந்திய அளவில் ஆள் எடுக்கின்றன, ஊர்க்காரர் என்று இடம் இல்லை. பக்கத்தில் இருப்பதன் பயன் வேறு. தொழிற்சாலைப் பார்வை, விடுமுறைப் பயிற்சி, இறுதியாண்டுப் புராஜெக்ட், படிப்பு முடிந்ததும் அப்ரண்டிஸ். இவற்றுக்கு வீட்டிலிருந்தே போய்வரலாம், தங்க இடம் தேட வேண்டாம். கல்லூரியில் கேளுங்கள்: போன வருஷம் இந்தத் துறையிலிருந்து எந்த நிறுவனத்துக்கு எத்தனை பேர் பயிற்சிக்குப் போனார்கள்? பெயர் சொல்லிப் பதில் வந்தால் அங்கே யாரோ ஒரு ஆசிரியர் அலைந்திருக்கிறார் என்று பொருள். அந்த ஒரு ஆசிரியர் இருக்கிற துறையில் சேருங்கள்.

பெயருக்கு மதிப்பே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். ஐ.ஐ.டி., என்.ஐ.டி., சென்னையில் கிண்டி, குரோம்பேட்டை அண்ணா பல்கலைக்கழக வளாகங்கள், கோவையில் ஒன்றிரண்டு கல்லூரிகள். இவற்றின் பெயரைப் பார்த்தே வருகிற நிறுவனங்கள் உண்டு, கூடப் படிக்கிற பிள்ளைகளின் தரமே ஒரு படிப்பு. அங்கே கலந்தாய்விலோ நுழைவுத் தேர்விலோ இடம் கிடைத்தால் இரண்டாவது யோசனை வேண்டாம். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்கள் ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகங்களில் படித்தால், வருமான வரம்புக்கு உட்பட்டு ஆண்டுக்கு 2 லட்சம் வரை தமிழ்நாடு அரசு கொடுக்கிறது. நான் சந்தேகப்படுவது அடுத்த தட்டை. கல்யாண வீட்டில் சொன்னால் தலையாட்டுவார்கள், நிறுவனத்தில் சொன்னால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள், அந்த வகைப் பெயர். உங்களுக்குச் சொல்லப்பட்டது எந்த வகை என்பதை மேலே சொன்ன கோப்பில் நடுநிலைச் சம்பளத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அரசுக் கல்லூரியின் தொகையைவிட ஆண்டுக்கு ஐம்பதாயிரம், ஒரு லட்சம்தான் கூட என்றால், பத்து லட்சம் கடனை அது தாங்காது.

பெயர் வேண்டும் என்றால் அதைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம், அதுவும் சம்பளத்தோடு. பொறியியல் மேல்படிப்புக்கான அகில இந்தியத் தேர்வான ‘கேட்’ தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். அதில் நல்ல மதிப்பெண் வாங்கி ஐ.ஐ.டி.யிலோ என்.ஐ.டி.யிலோ எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பொதுத்துறை நிறுவனங்கள் சில கேட் மதிப்பெண்ணைக் கொண்டே ஆள் எடுக்கின்றன. இளங்கலையைக் கடனில்லாமல் முடித்த பிள்ளைக்குத்தான் இந்த இரண்டு வருஷத்தைத் தாங்குகிற தெம்பு இருக்கும். மாதாமாதம் தவணை கட்ட வேண்டிய பிள்ளை முதலில் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டு போய்விடும்.

கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைக்காமல் எலக்ட்ரானிக்ஸ் கிடைத்தால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். அரசுக் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ், சுமாரான கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றால் நான் முதலாவதைத்தான் சொல்வேன். வளாகத்தில் வருகிற மென்பொருள் நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டு பிரிவையும் எடுக்கின்றன, இஸ்ரோ தேர்வில் எலக்ட்ரானிக்ஸ் தனிப் பிரிவு. நாலு வருஷம் கழித்து எந்தப் பிரிவுக்கு மவுசு இருக்கும் என்பதை யாராலும் இன்று சொல்ல முடியாது, சொல்கிறவர்களிடம் காசு கொடுக்காதீர்கள்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடும்போது ஒரு தப்பு திரும்பத் திரும்ப நடக்கிறது. கிடைக்கும் என்று நினைப்பதை மேலே போடுகிறார்கள், ஆசைப்படுவதைக் கீழே. கணினி மேலிருந்து கீழே போய் முதலில் கிடைப்பதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். ஆகவே ஆசைப்பட்ட வரிசையிலேயே போடுங்கள், 171-க்கு எட்டாது என்று நினைப்பதையும் மேலே பத்துப் போடலாம், நஷ்டமில்லை. கீழே பாதுகாப்புக்கு நிறையப் போடுங்கள். போன வருஷம் உங்கள் வகுப்புப் பிரிவில் அந்தக் கல்லூரியில், அந்தப் பாடப்பிரிவில் எத்தனையில் முடிந்தது என்ற பட்டியல் இணையத்தில் கிடைக்கும். பொதுப் பிரிவு எண்ணைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். கல்லூரியின் பெயர் ஒரே மாதிரி இருக்கிற இடங்களில் குறியீட்டு எண்ணை இரண்டு முறை ஒத்துப் பாருங்கள். முதல் பட்டதாரி சான்றைப் பதிவின்போதே ஏற்றிவிட வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வர நாளாகும், பிறகு சேர்க்கலாம் என்று விட்டால் சலுகையில்லாமல் ஒதுக்கீடு வந்து நிற்கும்.

கடைசியாக, எல்லாம் சரியாகச் செய்தும் பணம் வராமல் போகிற இடம். உதவித்தொகை கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போகிறது. செல்போன் கடையில் சிம் வாங்கும்போது விரல் வைத்துத் திறந்த பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கு ஒன்று இருந்தால் பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும், நீங்கள் கல்லூரியில் சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள். பிள்ளை பேரில், பெற்றோர் பேரில் இல்லை, ஒரு வங்கிக் கணக்கு. அந்த வங்கியில் ஆதாரை நேரடி மானியத்துக்காக இணைத்து, இணைந்ததா என்று ஆதார் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியல், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வருமானச் சான்றை ஒரே தொகையில் எல்லாத் திட்டத்துக்கும் கொடுங்கள், ஒன்றில் 96,000, இன்னொன்றில் 72,000 என்று போட்டால் இரண்டும் நிற்கும். தேசிய இணையதளத்தில் விண்ணப்பித்த பிறகு கல்லூரிப் பொறுப்பு அலுவலர் ஒப்புதல் கொடுத்தால்தான் மேலே நகரும். அவர் கொடுக்க மறந்து தேதி முடிந்துபோன விண்ணப்பங்கள் ஒவ்வொரு வருஷமும் கிடக்கின்றன. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் முதல் நாளே அந்த அலுவலர் யார், எந்த அறையில் இருப்பார் என்று பிள்ளையை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விண்ணப்பித்த ஒரு வாரத்தில் போய் நிலையைத் திரையில் காட்டச் சொல்லிப் பார்க்கட்டும்.